டெல்லி லைனை விட்டு ஓசூர் ஓட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. ராசிபுரம் பக்கம் கிராமம். பதினான்கு வருடமாக லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் போகும் லாரிதான் ஓட்டுகிறேன், இப்போது பன்னிரண்டு வீல். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி இந்தூர், டெல்லி என்று போவேன். திரும்பும்போது ஆக்ரா உருளைக்கிழங்கோ நாசிக் வெங்காயமோ கிடைக்கும். டெல்லி ஒரு நடை போய்வர இருபது நாள் ஆகிறது. சாப்பாட்டுச் செலவு போக, டீசல் சிக்கனத்தில் மிஞ்சும் மைலேஜ் மிச்சமும் சேர்த்து 25,000 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஐந்து நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கிளம்பவேண்டும். அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. ஒற்றை ஆளாக முடியவில்லை என்கிறாள் மனைவி. இப்போது ஓசூரில் ஒரு கான்ட்ராக்டர் ஓசூர் – ஒரகடம் கம்பெனி ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறார். 32 அடி கண்டெய்னர், சென்னைப் பக்கத்து ஒரகடம் கார் ஆலைக்கு உதிரிபாகம். சம்பளம் 22,000, நடைக்கு 600 பேட்டா, மாதம் 24 நடை நிச்சயம். "வீட்டுல இருந்து வேலைக்குப் போற மாதிரிதான்" என்கிறார். லைனில் ஓடும் நண்பர்களோ, கம்பெனி ஓட்டம் ஜெயில் என்கிறார்கள். என்ன செய்யலாம் அண்ணா?

பதில்:

தம்பி, முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். கான்ட்ராக்டர் சொன்னதைக் கூட்டினால் 22,000 சம்பளம், 24 நடைக்கு பேட்டா 14,400, மொத்தம் 36,400. உங்கள் லைன் கணக்கு இருபத்தைந்து நாளுக்கு 25,000. அதாவது மாதத்துக்கு 30,000. மேலோட்டமாகப் பார்த்தால் 6,400 கூடுதல்.

ஆனால் உங்கள் 30,000 சாப்பாடு போக நிற்பது. அவர் சொல்லும் 36,400-ல் சாப்பாடு உள்ளே இருக்கிறது. பேட்டா என்பதே சாப்பாட்டுக்கும் வழிச்செலவுக்கும்தான். அதை வருமானம் மாதிரி கூட்டிக் காட்டுவது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். இரண்டு வேளைச் சாப்பாடு, டிபன், டீ, குளியல் என்று நாளைக்கு 350 ரூபாய் வைத்தாலும் 26 நாளுக்கு 9,100. மீதி 27,300. ஓசூரில் நாலு பேரோடு சேர்ந்து எடுக்கும் ரூம் வாடகைப் பங்கு, ஊருக்கு வந்துபோக பஸ் செலவு, பி.எஃப். பிடித்தம் இருந்தால் அது, எல்லாம் கழித்தால் 25,000 பக்கம் வந்து நிற்கும். அதாவது லைனைவிட ஐயாயிரம் குறைவு. குறைந்தாலும் பரவாயில்லை, மாதம் முதல் வாரம் அக்கவுண்டில் விழுந்துவிடும் என்பது பெரிய விஷயம்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த ஐயாயிரத்தைக் கொடுத்து நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

டிரைவர் வேலைக்கு ஆள் எடுப்பதும் நடை கணக்கு முடிப்பதும்தான் என் தினசரி வேலை. "24 நடை நிச்சயம்" என்று ஆள் எடுப்பவர் சொல்லும்போது எதைச் சொல்லாமல் விடுவார் என்று எனக்குத் தெரியும். போவது ஒரு நடை, வருவது ஒரு நடையா? அல்லது போய்வந்தால்தான் ஒரு நடையா? இதைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓசூரிலிருந்து ஒரகடம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். ஒருவழியை ஒரு நடை என்று வைத்தால் மாதம் பன்னிரண்டு தடவை போய்வருவீர்கள், மொத்தம் 6,500 கிலோமீட்டர் ஓடும். போய்வருவதைத்தான் ஒரு நடை என்று வைத்தால் 13,000 கிலோமீட்டர். இப்போது லைனில் நீங்கள் ஓட்டுவது எவ்வளவு? சேலத்திலிருந்து டெல்லி 2,350 என்று வைத்தாலும் போய்வர 4,700, மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 6,000-க்குள்தான் வரும். ஆக, ஒருவழிக் கணக்கென்றால் லைனுக்குச் சமமான ஓட்டம். போய்வரும் கணக்கென்றால் இரண்டு மடங்குக்கும் மேல். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றேதான்.

உங்கள் கடிதத்தில் "24 நடை" என்று மட்டும் இருக்கிறது. நான் பார்த்தவரை இப்படி மொட்டையாகச் சொல்லப்படும் நடை, வேலைக்குச் சேர்ந்த பிறகு போய்வரும் நடையாகத்தான் மாறும்.

கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜா என்று டோல்கேட் தாண்டி, வாலாஜாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே ரோடு வேலை நடக்கும் இடங்களில் ஊர்ந்து, 32 அடி வண்டி ஒரகடம் சேர ஆறரை, ஏழு மணி நேரம் ஆகிவிடும். திரும்ப அதே அளவு. ஸ்டியரிங்கில் மட்டும் பதின்மூன்று மணி நேரம், லோடு ஏற்றி இறக்குவது தனி. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொலைதூர ஓட்டத்துக்கு அதிகாரியின் அனுமதியோடு நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை. ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரம் ஓய்வு. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் எட்டு மணி நேரம் என்ற அடிப்படை மாறவில்லை. லைனில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். லைனில் மீறினாலும் நடுவில் படுக்க உங்களுக்கு இடம் உண்டு. தூக்கம் வந்தால் நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் ஓரம் கட்டிவிட்டு, ஓனரிடம் டயர் பஞ்சர் என்று சொல்லலாம். கம்பெனி ஓட்டத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது, அரை மணி நேரம் வண்டி நின்றால் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும்.

சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அது செல்லும் என்பது 2021 ஜனவரியிலிருந்து விதி. டெல்லிக்கு உங்களுக்குப் பன்னிரண்டு நாள் கிடைக்கிறது. ஓசூர் – ஒரகடத்துக்கு அரசாங்கம் இரண்டு நாள் தருகிறது. கம்பெனி தருவது எட்டு மணி நேரம். அதற்குமேல் லேட்டானால் கான்ட்ராக்டருக்கு அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அவர் அதை உங்கள் பேட்டாவில் பிடிப்பாரா மாட்டாரா என்பது அவரவர் குணம்.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். லைனா கம்பெனி ஓட்டமா என்று பேசும்போது எல்லோரும் தூரத்தைத்தான் பேசுவார்கள். நான் பார்ப்பது, வண்டி நிற்கும் நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை. டிரைவரின் மாதத்தில் பாதி, வண்டி ஓடாத நேரம்தான். டெல்லியில் ஜவ்வரிசியை இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்கு டிரான்ஸ்போர்ட் நகரில் மூன்று நாளோ ஐந்து நாளோ கிடக்கிறீர்களே, அதற்கு ஓனர் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. படிக்காசைத் தின்றுகொண்டு லாரி ஆபிஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருபது நாள் நடையில் வண்டி ஓடியது பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கும். மீதி நாட்களை நீங்கள் இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள். லைன் வேலையின் உண்மையான நஷ்டம் அங்கேதான்.

கம்பெனி ஓட்டத்தில் காத்திருப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே அது நாள் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில் வரும். ராத்திரி எட்டு மணிக்கு ஓசூரில் கிளம்பி மூன்று மணிக்கு ஆலை வாசலுக்குப் போவீர்கள். டோக்கன் போடவேண்டும். சேஃப்டி ஷூ, மினுக்கும் ஜாக்கெட் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பேப்பரில் ஒரு பார்ட் நம்பர் அவர்கள் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஓசூரில் அந்த பில் போட்டவர் காலையில் ஆபிஸ் வரும்வரை வண்டி ஓரமாக நிற்கும். சரக்கு இறக்கும் டாக்கில் வண்டியை விட்டதும் வீலுக்குக் கட்டை வைத்து, சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடவேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாரான வண்டி என்றால் கேபினில் ஏசி கட்டாயம், அதனால் வண்டி ஏசி வண்டி என்று கான்ட்ராக்டர் பெருமையாகச் சொல்வார். சாவி செக்யூரிட்டி மேஜையில் இருக்கும்போது ஏசி எங்கே ஓடும்? சித்திரை மாத வெயிலில், காலை பத்து மணிக்கு, சிமென்ட் தரையில் நிற்கும் வண்டிக்குள் ராத்திரி முழுக்க ஓட்டியவன் தூங்கவேண்டும். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் மத்தியானம் திரும்ப ஓட்டவேண்டும். தெரிந்த ரோடு, தினமும் பார்த்த ரோடு என்பதும் ஒரு ஆபத்து. புது ரோட்டில் கண் தானாக முழித்திருக்கும்.

திரும்பும்போது காலி வண்டி என்பார்கள். காலி இல்லை. உதிரிபாகம் வந்த பிளாஸ்டிக் பெட்டிகளும் இரும்பு டிராலிகளும் ஓசூருக்குத் திரும்பவேண்டும். ஏற்றிவிட்டு ஒரு சீட்டில் எண்ணிக்கை எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். தூக்கக் கலக்கத்தில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓசூரில் ஆறு பெட்டி குறைந்தால் டிரைவர் தலையில்தான் விழும். எண்ணுங்கள், கதவைச் சாத்துமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கான்ட்ராக்டரிடம் கேட்கவேண்டியது இதுதான்: ஆலைக்குள் இத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் பேட்டா உண்டா, எவ்வளவு? கம்பெனி மூடியிருக்கும் நாளில் சம்பளம் ஓடுமா, அல்லது "நோ டிரிப் நோ பே"யா? 22,000 என்பது மாதச் சம்பளமா, 24 நடை முடித்தால் மட்டும் கிடைக்கும் தொகையா? இதற்கு அவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் பதிலைவிட வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும் பதில்தான் பதில். எழுதச் சொன்னதும் பேச்சு மாறினால் அந்த வேலையின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கம்பெனி மூடுவது எப்போதாவது நடப்பது என்று நினைக்கவேண்டாம். கார் ஆலைகளுக்கு வருடாந்திரப் பராமரிப்பு மூடல் உண்டு, பண்டிகை விடுமுறை உண்டு, விற்பனை மந்தமானால் ஷிப்ட் குறைப்பார்கள். 2021-ல் சிப் கிடைக்காமல் கார் உற்பத்தி படுத்தபோது உதிரிபாக வண்டிகளும் கூடவே படுத்தன. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் மூடியது. மறைமலைநகர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்து அடுத்த வருடம் உற்பத்தியை நிறுத்தியது. உள்ளே வேலை பார்த்தவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடவாவது முடிந்தது. அந்த ஆலைகளை நம்பி வெளியே ஓடிய டிரைவருக்கு அந்த வாசலில் உரிமை கேட்க இடமில்லை. அவன் கான்ட்ராக்டரின் ஆள்தானே. லைனில் டெல்லி மார்க்கெட் படுத்தால் கொல்கத்தா இருக்கிறது, கொல்கத்தா படுத்தால் குஜராத் இருக்கிறது. ஒற்றை ஆலையை நம்பிய ஓட்டத்தில் அந்த மாற்று இல்லை.

இதுவரை நான் சொன்னதைப் படித்தால் லைனிலேயே இருங்கள் என்று சொல்வதுபோல இருக்கும். அப்படிச் சொல்ல வரவில்லை. லைன் டிரைவருக்குக் கையில் ஒரு காகிதம் கிடையாது. சம்பளச் சீட்டு இல்லை, பி.எஃப். இல்லை, பேங்கில் லோன் கேட்டால் உங்கள் வருமானத்துக்கு அத்தாட்சி இல்லை. விபத்து நடந்தால்தான் இதன் வலி தெரியும். வண்டி இன்சூரன்ஸில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று ஓனர் சொல்வார். அது ஓனருக்கு. கூலிக்கு ஓட்டும் டிரைவருக்கு ஊழியர் இழப்பீட்டு விதிகளின்படிதான் கிடைக்கும், அந்தக் கணக்கு மாதச் சம்பளத்தை வைத்துப் போடப்படுவது. சம்பளம் இவ்வளவு என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத குடும்பம் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி ஓட்டத்தில் ஒழுங்கான கான்ட்ராக்டர் என்றால் இந்தக் காகிதம் எல்லாம் கிடைக்கும். எனக்குத் தெரிந்து அதுதான் கம்பெனி ஓட்டத்தின் உண்மையான லாபம், வீட்டுக்கு அடிக்கடி போவது அல்ல.

ஆனால் அதையும் கேட்டுத்தான் வாங்கவேண்டும். பி.எஃப்.-க்கு இப்போதைய வரம்பு 15,000. முதன்முதலாகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் அதற்குமேல் என்றால் கட்டாயமில்லை என்று கை விரித்துவிடலாம். இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. உங்களுக்குச் சொல்லியிருப்பது 22,000. ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்ததில் இ.எஸ்.ஐ. கைநழுவிப்போகிறது, பார்த்தீர்களா? படுக்கையில் அம்மா இருக்கும் வீட்டுக்கு இ.எஸ்.ஐ. அட்டை எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லவேண்டியதில்லை. சம்பளம் எந்தெந்தத் தலைப்பில் பிரித்துப் போடப்படுகிறது என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் குரூப் இன்சூரன்ஸாவது இருக்கவேண்டும். சேரும்போது அடிப்படைச் சம்பளம் 15,000-க்குள் இருந்து பி.எஃப். சரியாக ஓடினால், பத்து வருடம் முடித்தவருக்கு 58 வயதில் பென்ஷன் உண்டு, உங்களுக்கு இன்னும் இருபது வருடம் கையில் இருக்கிறது. இந்தப் பேச்சு ஒருபுறம் இருக்கட்டும், அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தமிழ்நாடு அரசின் நல வாரியத்தில் நீங்கள் பதிந்திருக்கிறீர்களா? லைனில் இருக்கும்போதே பதியலாம். மகள் படிப்புக்கு உதவித்தொகை அதில் உண்டு. பதியாவிட்டால் இந்தத் தடவை ஊருக்கு வரும்போது அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

நண்பர்கள் ஜெயில் என்று சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மைலேஜ் மிச்சம் என்ற வருமானம் கம்பெனி ஓட்டத்தில் செத்துவிடும். டேங்கில் சென்சார், டீசலுக்கு கார்டு, குறைந்தால் பிடித்தம். மறுபாதி லைன்காரர்களின் கௌரவப் பேச்சு. ஓவர்லோடு ஏற்றிவிட்டு எந்த ஆர்டிஓ எங்கே நிற்பாரோ என்று பயந்துகொண்டு போவதும் ஒரு ஜெயில்தான். ஓவர்லோடுக்கு இப்போது அபராதம் 20,000, அதற்குமேல் டன்னுக்கு 2,000. கார் உதிரிபாகத்தில் அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சரக்கு எடையில் நிறைவதற்கு முன்னால் இடத்தில் நிறைந்துவிடும். தார்ப்பாய் கட்டவேண்டாம், ராத்திரியில் ஸ்டெப்னியைக் கழற்றிப் போவானோ என்று ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்கவேண்டாம். மாமூலும் வெகுவாகக் குறையும்.

சரி, வீட்டு விஷயம். உங்கள் கேள்வியின் மையம் அதுதான், பணம் அல்ல. அங்கேதான் இந்த ஓசூர் வேலை எனக்கு உதைக்கிறது. வண்டி ஓசூரிலிருந்து கிளம்பி ஓசூருக்குத் திரும்பும். உங்கள் வீடு ராசிபுரத்தில். நடுவே ஏறக்குறைய 180 கிலோமீட்டர், தொப்பூர் கணவாய் தாண்டி பஸ்ஸில் நாலு மணி நேரம். "வீட்டுல இருந்து வேலைக்குப் போற மாதிரி" என்பது ஓசூரிலோ சூளகிரியிலோ குடியிருப்பவருக்குப் பொருந்தும். உங்களுக்கு வார விடுமுறை ஒரு நாள் கிடைத்தால் அதில் எட்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போகும். இப்போதாவது ஒரு நடைக்கு ஐந்து நாள் சேர்ந்தாற்போல வீட்டில் இருக்கிறீர்கள். அந்த ஐந்து நாளில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்வரலாம், ரேஷன் கார்டு வேலை பார்க்கலாம். ஓசூர் போனால் மாதத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை, அதிலும் பாதி தூக்கத்தில். ஒரே ஒரு விஷயம் மாறும். ராத்திரி ஏதாவது அவசரம் என்றால் ஜான்சியில் இருக்கமாட்டீர்கள், நாலைந்து மணி நேரத்தில் வந்துவிடலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் உங்கள் மனைவி கேட்பது அதுவா? தினமும் ஒரு கை உதவி என்றால் ஓசூர் வேலையும் அதைத் தராது. கிளம்புவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து, வாரத்தில் எந்த நாள் எந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கமுடியும் என்று எழுதிப் பாருங்கள்.

இதே வேலையை வேறுமாதிரி செய்யமுடியும், அதையும் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். ரிலே முறை என்று ஒன்று உண்டு. ரிவிகோ என்ற கம்பெனி 2014 வாக்கில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. ஒரு டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி ஒரு இடத்தில் வண்டியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே வரும் வண்டியை எடுத்துக்கொண்டு தன் ஊருக்கே திரும்பிவிடுவார். பார்சல் தொழிலில் அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை, 2022-ல் அந்த வியாபாரத்தை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. ஆனால் டிரைவர் மாற்றும் யோசனை நல்ல யோசனை. ஓசூர் – ஒரகடத்துக்கு நடுவழியில் ஆம்பூர் பக்கம் ஆள் மாற்றினால் யாரும் ஏழு மணி நேரத்துக்குமேல் ஓட்டவேண்டியதில்லை. இந்த ஏற்பாடு அவரிடம் இருந்தால் உடம்புக்கு நல்ல வேலை. ஆனாலும் ராசிபுரம் ராசிபுரத்தில்தான் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஓசூர் வேலைக்குப் போகமாட்டேன். கம்பெனி ஓட்டம் என்ற எண்ணத்தை விடவும் மாட்டேன். உங்களுக்குத் தேவை சேலம், நாமக்கல்லைச் சுற்றி வண்டி நிற்கும் வேலை. சங்ககிரி எண்ணெய் டெர்மினலிலிருந்து பங்க்குகளுக்கு பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் டேங்கர்கள் ஒன்று. பெரும்பாலும் பகல் ஓட்டம், சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்துக்குள் முடிந்துவிடும், ராத்திரி வீட்டுக்கு வரலாம். ராசிபுரத்திலிருந்து சங்ககிரி வண்டியில் ஒரு மணி நேரம். பணம் லைனைவிடக் குறைவாக இருக்கும், நிச்சயமாக. மேச்சேரி பக்கம் ஸ்டீல் ஆலை, சங்ககிரி சிமென்ட் ஓட்டம் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அங்கே வரிசையில் நிற்பது அதிகம், தூசியும் அதிகம், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நாமக்கல் ஓனர்களின் கேஸ் டேங்கர் நடுத்தரம். மங்களூர், கொச்சி, எண்ணூர் என்று ஏற்றி பாட்லிங் பிளான்ட்டில் இறக்குவது. சில நாள் வெளியே, சில நாள் வீட்டில். டெர்மினலில் வரிசை நீண்டால் அங்கேயும் காத்திருப்புதான், ஆனால் ரிட்டர்ன் லோடு தேடும் வேலை இல்லை.

டேங்கர் கிடைக்கும்வரை இப்போதைய ஓனரிடமே லைனைச் சுருக்கித் தரச்சொல்லிக் கேளுங்கள். ஜவ்வரிசி மகாராஷ்டிராவுக்கும் போகிறது. சேலத்திலிருந்து நாசிக் 1,250 கிலோமீட்டர் சுமார். அங்கே வெங்காயம் ஏற்ற டெல்லி மாதிரி நாள்கணக்கில் கிடக்கவேண்டாம், பத்து நாளில் திரும்பிவிடலாம். நடைக்கு நிற்பது குறைந்தாலும் மாதக் கணக்கில் பெரிதாக இழக்கமாட்டீர்கள், காத்திருப்பு குறைகிறது அல்லவா. நல்ல டிரைவரை விட மனமில்லாத ஓனர் இதற்கு ஒப்புக்கொள்வார். இன்று லைனுக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பலம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஓசூர்தான் என்று முடிவெடுத்தால், சேர்வதற்கு முன் ஒரு வாரம் மாற்று டிரைவராகப் போய்ப் பாருங்கள். ஒரகடம் பார்க்கிங்கில் அந்தக் கான்ட்ராக்டரின் வண்டிகள் நிற்கும், டிரைவர்களிடம் பேசுங்கள். போன மாதம் கையில் வந்தது எவ்வளவு, கடைசியாக ஊருக்குப் போனது எப்போது, ஆயுத பூஜைக்கு ஆலை மூடிய நாட்களுக்குச் சம்பளம் போட்டார்களா என்று கேளுங்கள். வேலையில் சேரும்போது ஒரிஜினல் லைசென்ஸைக் கொடு, ஆபிஸில் இருக்கட்டும் என்பார்கள். கொடுக்காதீர்கள். டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸே எங்கேயும் செல்லும், ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். இப்போதைய ஓனரிடம் முன்பணம் பாக்கி இருந்தால் நடை கணக்கோடு முடித்து எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

டேங்கருக்கு லைசென்ஸில் அபாயகரமான சரக்கு ஓட்ட அனுமதி வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற மையத்தில் மூன்று நாள் பயிற்சி. சான்றிதழோடு ஆர்டிஓ ஆபிஸில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அந்த லைசென்ஸ் மூன்று வருடம் செல்லும், புதுப்பிக்கும்போது ஒருநாள் பயிற்சி. இந்த நடை முடிந்து வந்ததும் வீட்டில் இருக்கும் ஐந்து நாளில் மூன்றை இதற்குக் கொடுத்துவிடுங்கள். சங்ககிரியில் ஆள் கேட்கும்போது கையில் சான்றிதழ் வைத்திருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.